சபரும் சபுரும்: கதைகளில் வரும் வாகனங்கள்

(சங்கத்தின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி ஜொகூர் பாருவில் நடைபெற்ற குடும்ப நாளின் இலக்கிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரையை அண்ணன், தங்கை, தம்பி என நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதினோம். அதனால் இதில் "நான்" வராது. "நாங்கள்" என்றுதான் வரும். சில இடங்களில் உங்களையும் சேர்த்துக்கொண்டு "நாம்" என்போம். பொறுத்தருள வேண்டும்.

கதைகளில் வரும் வாகனங்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும், சங்கத்தின் மூத்தவர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஐம்பதாம் ஆண்டு விழாவில் பேச வேறு விஷயமே இல்லையா? கதை படிப்பதே வீண் வேலை. அதில் காரையும் கப்பலையும் பற்றி வேறு பேசவேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

நம் வீடுகளில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று சபர். பயணம் என்று பொருள். ஊரைவிட்டுக் கடல் கடந்து பிழைக்கப் போனவர்களை நம் கடற்கரை ஊர்களில் "சபராளி" என்று சொல்வார்கள். இன்னொன்று சபுர். பொறுமை என்று பொருள். மௌத்து வீட்டுக்குப் போனால் "சபுர் செய்யுங்கள்" என்றுதான் முதலில் சொல்கிறோம். அரபியில் இரண்டும் வேறு வேறு எழுத்துகள், வேறு வேறு வேர்கள். தமிழில் நம் வாய்க்குள் வந்ததும் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல ஆகிவிட்டன. சபர் போனவர்களின் பிள்ளைகளான நமக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது. நம்முடைய துக்கம் எல்லாம் ஏதோ ஒரு வாகனத்தில் வந்திருக்கிறது. ஆறுதலும் பெரும்பாலும் ஒரு வாகனத்தில்தான் வந்திருக்கிறது.

கதை வீண் என்று சொன்ன பெரியவருக்கு நபி யூசுஃப் அவர்களின் சரிதையை நினைவூட்டினோம். சரித்திரங்களில் மிக அழகானது என்ற அறிமுகத்தோடு வரும் அத்தியாயம் அது. அண்ணன்மார் கிணற்றில் தள்ளிய பிள்ளையை ஒரு பயணக் கூட்டம் கண்டெடுத்து, கொண்டுபோய், சொற்பக் காசுக்கு விற்றுவிடுகிறது. தந்தை யஃகூப் நபி அழுதழுது கண் பார்வை போகிறது. பல ஆண்டுகள் கழித்து மிஸ்ரிலிருந்து இன்னொரு பயணக் கூட்டம் புறப்படுகிறது. அதில் மகனுடைய சட்டை வருகிறது. அந்தக் கூட்டம் வந்து சேரும் முன்பே, தொலைவில் இருக்கும் தந்தைக்கு மகனின் வாசம் தெரிந்துவிடுகிறது. பிள்ளையைப் பிரித்ததும் ஒரு பயணக் கூட்டம். கண்ணைத் திருப்பித் தந்ததும் ஒரு பயணக் கூட்டம். நாங்கள் இன்று பேசப்போகும் விஷயம் முழுதும் இதற்குள்ளேயே இருக்கிறது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, நேரத்தோடு முடித்துவிடுங்கள்" என்றார்.

இனி எங்கள் வீட்டு வாகனத்தைப் பற்றிச் சொல்கிறோம்.

எங்கள் அத்தா ரொட்டிக்காரர். உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஹோண்டா கப்சாய் ஒன்றின் பின்னால் தகரப் பெட்டி. பெட்டிக்குள் பங்காளி ரொட்டியும் காயா டப்பாவும். இருபுறமும் சரம் சரமாய்த் தொங்கும் முறுக்குப் பொட்டலங்களும் கடலைப் பொட்டலங்களும். கைப்பிடியில் ரப்பர்க் குமிழ் வைத்த ஹார்ன். சாயங்காலம் தாமானுக்குள் அந்த ஹார்ன் கேட்டால் மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம் பிள்ளை எல்லாம் ஒன்றாக ஓடிவரும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வண்டிதான் எங்களைப் படிக்க வைத்தது.

2020 ரமலானில் அத்தா மௌத்தானார். நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த நேரம். அடக்கத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களில் இளையவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம். மலேசியர் என்பதால் வரலாம். ஆனால் வந்தால் 14 நாள் தனிமையில் இருக்கவேண்டும். அதற்குள் அடக்கம் முடிந்திருக்கும். திரும்பிப் போக வழியும் இல்லை, வேலையும் போய்விடும். கைப்பேசியில்தான் அவர் அத்தாவின் முகத்தைப் பார்த்தார். மண் போடும்போது சிக்னல் அறுந்துவிட்டது.

அத்தாவின் கப்சாய் வீட்டு முன்புறக் கொட்டகையில் நின்றது. விற்றுவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பழைய கப்சாய்க்கு நல்ல விலை உண்டு. இரண்டு பேர் வந்து கேட்டும் பார்த்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்களாலும் விற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று எங்களுக்கே அப்போது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கதைகளைப் படிக்க ஆரம்பித்தோம்.

முதலில் கப்பல். நம் குடும்பங்களில் ராஜுலா கப்பலின் பெயரைக் கேட்காத பெரியவர் இருக்கமாட்டார். கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926இல் ஓடத் தொடங்கிய கப்பல். மேல்தளப் பயணிகளையும் சேர்த்து 5,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. 1973இல் கைமாறி, சீக்கிரமே உடைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் நடுக்கடலில் பிடித்த தீயோடு அந்தக் கப்பலின் பயணிகள் சேவையும் முடிந்தது. நம் நன்னாமார்கள் தகரப் பெட்டியும் பாயும் ஊறுகாய் ஜாடியுமாகச் சிங்கப்பூரில் இறங்கி, பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குள் வந்தவர்கள்.

அந்தக் கப்பலோடு ஒரு கணக்கும் வந்தது. ஊரில் தாயோ தகப்பனோ மௌத்தானால் தந்தி வரும். நம் முறைப்படி மையித்தைத் தாமதிக்காமல் அடக்கிவிடுவார்கள். கப்பலோ போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அதுவும் கப்பல் புறப்படும் நாளாக இருந்தால்தான். ஆகவே தந்தி கையில் கிடைக்கும்போதே கபுரு மூடப்பட்டிருக்கும். அவரவர் மத்ஹபுப்படி சிலர் காயிப் ஜனாஸா தொழுதார்கள்; சிலர் யாசீன் ஓதி துஆ கேட்டார்கள். மறுநாள் காலையில் கடை திறந்தார்கள். நம் முதல் தலைமுறை துக்கத்தைக் கொண்டாடவில்லை என்று சிலர் சொல்வார்கள். துக்கத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்க அவர்களுக்கு ஒரு வாகனம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

கப்பல் அளவுக்குப் பெரிதில்லாத இன்னொரு வாகனம் நம் கதைகளில் இருக்கிறது. ப. சிங்காரம் எழுதிய "புயலிலே ஒரு தோணி" நாவலில் வரும் தொங்கான். சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் வட்டிக்கடை வேலைக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர் சிங்காரம். அங்கேயே மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். யுத்தம் முடிந்து மதுரைக்குத் திரும்பியவர் வேறு குடும்பம் தேடிக்கொள்ளாமல் கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார். நாவல் 1972இல் வெளியானது. ஜப்பான்காரன் காலத்தில் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கானில் போகும் பாண்டியனும் கூட்டாளிகளும் நடுக்கடலில் புயலில் சிக்குகிறார்கள். எந்த அலை எங்கிருந்து வருகிறது என்று தெரியாத அந்தப் பக்கங்களைப் படித்தால் நமக்கும் மூச்சு முட்டும். தொங்கான் கரை சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதில் போனவனுக்குள் இருக்கும் புயல் அடங்குவதில்லை. ஊரும் இல்லை, ஊருக்குத் திரும்பும் வழியும் இல்லை. சிங்காரம் தன் சொந்தத் துக்கத்தைப் பற்றி நாவலில் நேராக ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் அந்தத் தொங்கானை எழுத யாரால் முடியும்? கரையில் இறங்கிய பிறகும் கால் ஆடிக்கொண்டிருந்த ஒருவரால்தான்.

அடுத்தது ரயில். இந்த இடத்தில் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது.

1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டுக்குள் ரயில் பாதை போட்டார்கள் ஜப்பானியர். 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேல் மாண்டார்கள். அவர்களைவிட மிகப் பெரிய எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. சிங்கப்பூரிலிருந்து கைதிகளை ஏற்றிய இரும்புக் கூட்ஸ் பெட்டிகள் நம் பாலத்தையும் ஜொகூர் பாரு நிலையத்தையும் கடந்துதான் வடக்கே போயின. இந்த ஊர்க்காரர்கள் அந்த ரயிலைக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாதை திறந்தபோது ஓடிய நீராவி இன்ஜின்களில் ஒன்று இன்று தோக்கியோவில், யாசுகுனி வளாகத்து அருங்காட்சியகத்தில், துடைத்துப் பளபளவென்று நிற்கிறது. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டு வீரர்களின் கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்துப் பராமரிக்கப்படுகின்றன. நம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய ஒரு கல்கூட இல்லை. இன்ஜினுக்குக் கூரை இருக்கிறது. அந்த இன்ஜின் ஓடப் பாதை போட்டவனுக்குக் கபுரு இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கப் பேனா எடுத்தவர்கள் நம் மலேசிய எழுத்தாளர்கள். ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" என்று நாவலுக்குப் பெயர் வைத்தார். அ. ரெங்கசாமி அதே துயரத்தை எழுதிய தம் நாவலுக்கு "நினைவுச் சின்னம்" என்று பெயர் வைத்தார். இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது அழைத்துப்போன வாகனத்தின் பெயர். இரண்டாவது திரும்பி வராதவர்களுக்குக் கட்டிய கல்லறையின் பெயர். கல்லால் கட்டமுடியாததைக் காகிதத்தில் கட்டினார்கள். தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்பதோடு முடிந்துவிடும் குடும்பக் கதைக்கு அந்த நாவல்கள் ஓர் அடக்கத் தலம். அங்கே போய் நின்று அழலாம். துஆச் செய்யலாம்.

இவ்வளவு நேரம் பெருந்துக்கங்களைச் சொன்னோம். ஒரு மனிதரின் தனித் துக்கமும் வாகனத்தில் ஏறி வருகிறது. ஜெயகாந்தனின் "அக்னிப் பிரவேசம்" கதையைப் பெரியவர்கள் படித்திருப்பீர்கள். 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரும் சர்ச்சை ஆனது. மழை நாளில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண்ணை வீட்டில் விட்டுவிடுவதாகச் சொல்லி ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அந்தப் பெரிய காருக்குள் அவள் வாழ்க்கை உடைகிறது. வீட்டுக்கு வந்து அழும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். சில ஆண்டுகள் கழித்து ஜெயகாந்தன் அதையே திருப்பிக் கேட்டார்: அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டி அழுதிருந்தால்? அப்படிப் பிறந்ததுதான் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவல். அதில் கங்கா வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், அந்தக் காரையும் அந்த மனிதனையும் தேடிக் கண்டுபிடிக்கிறாள். மறுபடியும் அவனோடு காரில் போகிறாள். இந்தமுறை அவன் பயந்தவனாக இருக்கிறான். அவள் கேள்வி கேட்பவளாக இருக்கிறாள்.

அந்தப் பயணங்கள் அவளை முழுதாகக் குணமாக்கினவா? இல்லை. நாவலின் முடிவு கசப்பானது. அதை மறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் காயம் பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்து பார்க்க அவளுக்குத் துணிவு வந்தது. நம் வீடுகளில் தலையில் தண்ணீர் ஊற்றிய தாய்மாரும் உண்டு. ஊரைக் கூட்டிய தாய்மாரும் உண்டு. எந்தத் தாயாக இருக்கப்போகிறோம் என்பதை ஒரு கார் கதை நம்மிடம் கேட்கிறது. இளம்பெண்கள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

நம் நாட்டுக்கு வெளியிலிருந்தும் ஒன்று. ஜப்பானிய எழுத்தாளர் ஹாருகி முராகாமியின் "டிரைவ் மை கார்" கதை திரைப்படமாகி, 2022இல் சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. மனைவியை இழந்த நாடக நடிகர் ஒருவருக்குப் பழைய சாப் கார் ஒன்று இருக்கிறது. கதையில் அது மஞ்சள், படத்தில் சிவப்பு. அதை வேறு யாரும் ஓட்ட அவர் விடுவதில்லை. ஒரு கட்டாயத்தால் ஓர் இளம்பெண்ணை ஓட்டுநராக ஏற்றுக்கொள்கிறார். அவளுக்கும் தாயை இழந்த துக்கம் இருக்கிறது. இருவரும் பல நாள் பேசாமலே போகிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறார்கள்.

ஏன் காருக்குள் பேச்சு வருகிறது? எங்கள் தங்கை ஒரு பதில் சொன்னாள். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். காரில் இருவரும் முன்னால் இருக்கும் சாலையைப் பார்க்கிறோம். கண்ணீர் வந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாததுபோல இருக்கலாம். சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகவும் முடியாது. நம் வீட்டு ஆண்பிள்ளைகள் தகப்பனிடம் மனம் திறந்து பேசியது எங்கே என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஜும்ஆவுக்குப் போகும் வழியில், நோன்புப் பெருநாளைக்கு வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில், மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது. எங்கள் அத்தா எங்களிடம் அதிகம் பேசமாட்டார். கப்சாயின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போகும்போது மட்டும் பேசுவார். காற்றில் பாதி வார்த்தை பறந்துவிடும். மீதிப் பாதியில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

தி. ஜானகிராமனின் "சிலிர்ப்பு" கதை ஒரு ரயிலில் நடக்கிறது. தகப்பனும் சின்ன மகனும் போகிறார்கள். அதே பெட்டியில், வீட்டு வேலைக்காகத் தொலைதூர ஊருக்கு அனுப்பப்படும் ஏழைச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். தனக்கென்று பத்திரமாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தைப் பையன் அவளிடம் கொடுத்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. அந்தப் பழம் அவள் விதியை மாற்றாது. ரயில் அவளைக் கொண்டுபோய் விடத்தான் போகிறது. ஆனால் போகிற வழியில் ஒருவர் கை நீட்டினார் என்பது மிஞ்சும். சபரில் வந்த நம் முன்னோர் ஒவ்வொருவரும், கப்பலில் பாயைப் பகிர்ந்தவரைப் பற்றி, ஜெட்டியில் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இந்தச் சங்கமும் அந்த ஆரஞ்சுப் பழம் போன்றதுதான். வந்து இறங்கியவனுக்குப் படுக்க இடம், மௌத்தானவனுக்குக் கஃபன் துணி, விதவைக்கு அரிசி.

இப்போது நம் ஜொகூருக்கு வருவோம். நம் ஊரின் பெரிய கதையே ஒரு பாலம். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். 1923இல் அதன்மேல் ரயில் ஓடத் தொடங்கியது. 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதைக் குண்டு வைத்து உடைத்தது. பிறகு சேர்த்தார்கள். 2011 ஜூன் 30 இரவு, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே ஓட்டி வந்தார். பாலம் அவருடைய கொள்ளுத் தாத்தாவின் ஆட்சிக் காலத்தில் திறக்கப்பட்டது. அந்த இரவில் நிலையத்தில் திரண்ட கூட்டத்தில் அழுதவர்கள் உண்டு. ஒரு ரயில் நிறுத்தப்படுவதற்கு ஏன் அழவேண்டும்? அந்த ரயிலில் வந்தவர்களும் போனவர்களும் நினைவுக்கு வந்ததால் அழுதார்கள்.

2020 மார்ச் 18 அன்று பாலம் அடைபட்டது. அதுவரை தினமும் பல லட்சம் பேர் கடந்த பாதை. நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை பேர் இரண்டாகப் பிரிந்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் சுற்றிப் பார்த்தால் போதும். நம் நன்னாமார்களுக்கு ஊர் போய்ச் சேர ஒரு வாரம் ஆனது. எங்கள் தம்பிக்கு ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. இடையில் சில வழிகள் திறந்தன. அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விடுப்புக் கிடைத்தபோது வழி மூடியிருந்தது.

2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்காகப் பாலத்தில் பஸ் விட்டார்கள். டிக்கெட் கிடைக்க இரண்டு வாரம் போராடினார். டிசம்பரில் ஒரு நாள் மதியம் லார்கின் நிலையத்தில் வந்து இறங்கினார். நாங்கள் காரில் போய் அழைத்து வந்தோம். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கபுருஸ்தானுக்குப் போகலாமா என்று கேட்டோம். "முதலில் வீடு" என்றார்.

வீட்டில் இறங்கியதும் அம்மாவிடம் சலாம் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். கப்சாய் மேல் மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தார். இருக்கையில் பின்பக்கமாக, சிறுவயதில் உட்காருவாரே அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். முன்னால் யாரும் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பிறகு முன்னால் குனிந்து அந்த ரப்பர்க் குமிழை அழுத்தினார். ரப்பர் காய்ந்துபோயிருந்ததால் பாதிச் சத்தம்தான் வந்தது. உள்ளே இருந்த அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வாய்விட்டு அழுதார்கள். ஒன்றரை வருஷத்தில் அவர்கள் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. தம்பியும் அழுதார். நாங்களும் அழுதோம். அழுது முடித்த பிறகுதான் கபுருக்குப் போனோம்.

அந்த வண்டியை ஏன் விற்க முடியவில்லை என்பது அன்றுதான் புரிந்தது. எங்களில் ஒருவர் இன்னும் ஜனாஸாவுக்கு வந்து சேரவில்லை. அவர் வரும்வரை வண்டி காத்துக்கொண்டிருந்தது. கதைகளில் வரும் தொங்கானும் ரயிலும் காரும் செய்வதும் இதைத்தான். நேரத்துக்கு வந்து சேர முடியாதவர்களுக்காக அவை நிற்கின்றன. எத்தனை வருஷம் கழித்துத் திறந்தாலும் ஏறிக்கொள்ளலாம்.

ஆகவே சங்கத்திடமும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் எழுத்தாளர் சை. பீர்முகம்மது அவர்கள் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைத் தேடித் தொகுத்து "வேரும் வாழ்வும்" என்று வெளியிட்டார்கள். அவர் தேடியிருக்காவிட்டால் பல கதைகள் கரையான் வாயில் போயிருக்கும். நம் குடும்பக் கதைகளுக்கு அப்படித் தேடிவர வெளியாள் யாரும் இல்லை. நாமேதான் எழுதவேண்டும். எல்லாரும் நாவல் எழுதச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு வாகனம், ஒரு பக்கம். நன்னா எந்தக் கப்பலில், எந்த வருஷம் வந்தார்? கூட யார் வந்தது? பழைய பாஸ்போர்ட் இருந்தால் முத்திரையைப் பாருங்கள். முதல் சைக்கிள் எது, கடைக்குச் சாமான் ஏற்றிய லாரி எது, யாரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன கார் எது? மௌத்துச் செய்தி வந்தபோது போக முடியாமல் போனது யாருக்கு? இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்டால் பெரியவர்கள் முதலில் "அதெல்லாம் எதற்கு" என்பார்கள். காரில் உட்காரவைத்துக் கேளுங்கள், சொல்வார்கள்.

எழுதியதைச் சங்கத்தில் கொடுத்தால், இந்த மலருக்குப் பிறகு ஒரு கோப்பாகச் சேர்த்து வைக்கலாம். நூறாம் ஆண்டு விழாவில் நம்மில் பலர் இருக்கமாட்டோம். நம் பேரப்பிள்ளைகள் அதைப் பிரித்துப் படிக்கட்டும்.

கப்சாயைப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தோம். தகரப் பெட்டியைக் கழற்றி அம்மா அரிசி போட்டு வைத்திருக்கிறார்கள். ரப்பர்க் குமிழைப் புதிதாக மாற்றினோம். தம்பி இப்போது ஊரோடு வந்துவிட்டார். சுபுஹுத் தொழுகைக்கு அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறார். அந்த நேரத்தில் ஹார்ன் அடிக்கக் கூடாது என்று அம்மாவின் கட்டளை.

நேரத்தோடு முடித்துவிடச் சொன்ன பெரியவருக்கு நன்றி. சபர் போன நம் முன்னோர் அனைவருக்கும், கபுரு இன்னதென்று தெரியாமல் போனவர்களுக்கும், இறைவன் மன்னிப்பும் கருணையும் அருள்வானாக. இருக்கும் நமக்குச் சபுரைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.